எழுப்பிவிட்டால் போதும்

ராத்திரி இரண்டு இருபது. சோதனையை ஓடவிட்டாயிற்று, இனி நாற்பது நிமிஷம் எனக்கு வேலை இல்லை, திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர, அதையும் பார்க்கவேண்டியதில்லை, நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும், முந்நூறு பொய்வேலைகளை ஒரே பூட்டுக்காக அடித்துக்கொள்ள விட்டிருக்கிறேன், அதில் ஒன்றாவது தூங்கிப்போய் எழுந்திருக்காமலே கிடந்தால் திரையில் சிவப்பு வரும், எல்லாம் எழுந்துவிட்டால் மூன்று மணி சுமாருக்குப் பச்சையாக ஒரு வரி வரும், அவ்வளவுதான், அந்தப் பச்சை வந்துவிட்டால் திருத்தத்தைக் கடிதத்தில் வைத்து அனுப்பிவிடலாம், அனுப்பிவிடலாமா, அது அப்புறம். மூன்று மணிக்கு அம்மாவையும் எழுப்பவேண்டும். கண் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, படுக்கப்போகும்போதே கீழேயிருந்து கத்திவிட்டுத்தான் படுத்தாள், "ஏட்டி கோமு, மூணு மணிக்கு எழுப்பி விட்ருட்டி, நீ பாட்டுக்கு அந்தப் பொட்டிக்கு முன்னால இருந்துட்டு மறந்துராத." எழுப்புதேன், எழுப்புதேன், நீ தூங்கு. என்ன வேலைதான் பார்க்கிறாய் என்று அவள் ஒரு நாள் கேட்டபோது கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று ஓடுகிறது, அதில் பூட்டுகளைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன், மறுநாளே எதிர்வீட்டில் போய் "எம் மவ பூட்டு ரிப்பேர் பாக்கா" என்று சொல்லிவிட்டாள், அன்றிலிருந்து இந்தப் பாளையங்கோட்டைத் தெருவில் இரண்டு பேர் சாவி தொலைந்துபோய் என்னிடம் வந்திருக்கிறார்கள். தப்பும் இல்லை. பூட்டு ரிப்பேர்தான் பார்க்கிறேன்.

இந்தப் பூட்டு கொஞ்சம் வேறு மாதிரி. காலேஜ் நோட்டீஸ் போர்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து நின்று படிக்கலாம், ஆனால் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறிப் புதுத் தாள் ஒட்டவேண்டுமென்றால் எல்லாரும் விலகித்தான் ஆகவேண்டும், படிப்பவர்கள் கூட்டமாக, எழுதுகிறவர் தனியாக, அதுதான் விதி. உள்ளே இடமில்லை என்றால் வந்தவர்கள் வரிசையில் பெயரை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர் போகும்போது வரிசையைப் பார்த்து முதலில் இருப்பவரை எழுப்பிவிட்டுப் போகவேண்டும், எழுப்பாமல் போய்விட்டால் போச்சு, தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார், பூட்டு காலியாகவே கிடக்கும், அதைவிட மோசமான நிலை எங்கள் தொழிலில் கிடையாது, மெஷின் உடையவில்லை, புகையவில்லை, சும்மா நிற்கும். பழைய புரோகிராம் கோடு என்ன செய்கிறதென்றால், எழுதுகிறவர் தூங்கும்போதே அவர் பெயரில் போகிறவரே பூட்டை எடுத்துவைக்கும்படி செய்கிறது. எடுத்துவைத்துவிட்டு எழுப்பலாம் என்று பார்த்தால் அதற்குள் வேறு ஒருத்தர் நடுவில் நுழைந்துவிடுகிறார், அப்போது எடுத்ததைத் திருப்பி வைக்கவேண்டும், திருப்பி வைக்கும்போது அந்த நடுவில் வந்தவர் போயிருந்தால் மறுபடி எடுக்கவேண்டும், எடுப்பது, வைப்பது, எடுப்பது, வைப்பது, இருபத்திமூன்று வரி. நான் செய்திருப்பது ஒன்றே ஒன்று. போகிறவர் எழுப்பிவிட்டால் போதும். பூட்டை எடுப்பது எழுந்தவர் வேலை. எழுந்து தானே கைநீட்டி எடுத்துக்கொள்ளட்டும், கிடைக்காவிட்டால் மறுபடி படுக்கட்டும். இருபத்திமூன்று வரியும் போய்விட்டது, நாலு வரியில் முடிந்துவிட்டது, இதை ஏன் யாருக்கும் முன்னாலேயே தோன்றவில்லை என்று கேட்கும்படி இருக்கிறது இப்போது, அப்படித் தோன்றினால்தான் அது நல்ல திருத்தம்.

இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், என்னிடம் நானே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. இந்தக் கெர்னலில் துப்புரவு பண்ண வேறு இடமே இல்லையா, லட்சக்கணக்கான வரி கிடக்கிறது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த இருபத்திமூன்றில் வந்து நின்றேன், ஏனென்றால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியது யார் என்று மெஷினைக் கேட்டால் தாமோதரன் தாமோதரன் தாமோதரன் என்று இருபத்திமூன்று தடவை வருகிறது. தாமு. முகத்துக்கு நேரே என்றைக்கும் தாமு என்று சொன்னதில்லை, நீங்க வாங்கதான், அவனும் ஈரோட்டுக்காரனாகையால் ங்க போடாமல் ஒரு வாக்கியம் வராது, மனசுக்குள் மட்டும் அவன், தாமு. தரமணி ஆபீஸில் மூன்றாவது மாடி, ஒரு மேஜை, ஒரு கீபோர்டு, நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுவான், அல்லது அவன் சொல்ல நான், கடைசியில் யார் மெஷினிலிருந்து போகிறதோ அவர் பெயர் ஒட்டிக்கொள்ளும், இந்த இருபத்திமூன்று அவன் மெஷினிலிருந்து போனது. எடுத்துவைத்துவிட்டு எழுப்பலாமே என்றது நான். "அவிங்களே எந்திரிச்சு எடுத்துக்கட்டுமேங்க கோமதி, நாம எதுக்கு அவிங்க பேர்ல எடுத்து வெக்கோணும்?" என்றது அவன். இல்லை இல்லை, எழுந்து வந்து பார்த்து இல்லையென்று ஆனால் பாவம், எடுத்துவைத்தே எழுப்புவோம் என்று பிடிவாதம் பிடித்து ஒரு நாள் பூராவும் சண்டை போட்டு ஜெயித்தேன். சரிங்க என்று தட்டினான். பதினோரு வருஷம் கழித்து அவன் சொன்னதுதான் சரி என்று கண்டுபிடித்திருக்கிறேன், பெரிய கண்டுபிடிப்பு, இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல. சொல்லவேண்டிய ஆள் ஒருத்தன்தான். இரண்டு முப்பத்தொன்று. எண் ஏறிக்கொண்டிருக்கிறது, சிவப்பு இல்லை, கீழே ஃபேன் சத்தமும் அம்மாவின் குறட்டையும்.

வாழ்க்கையைக் கோடோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆபீஸில் அப்படி ஒரு மேனேஜர் இருந்தார், கல்யாணமே ஒரு பூட்டுதான் என்று ரிசப்ஷனில் மைக் பிடித்துப் பேசியவர், அவரைப் போல நானும் ஆகிவிடக்கூடாது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை வருகிறது, வராமல் என்ன செய்யும், சாயங்காலம் நாலு மணி, அவன் லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டான், கழுத்து அட்டையை ஒப்படைத்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனிக்கு விமானம். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். நான் திரும்பவில்லை. திரையில் அவன் சட்டை தெரிந்தது, நீலக் கட்டம். என் கண் நிறைந்திருந்தது, திரும்பினால் தெரிந்துவிடும், திரையில் கம்பைல் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "டிக்கெட் மாத்தறது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க கோமதி" என்றான். இதற்கு ஒரு பெண் என்ன பதில் சொல்லவேண்டும்? எந்தப் பெண்ணும் என்ன சொல்லியிருப்பாள்? நான் சொன்னேன், "மாத்துனா விசா தேதி போயிரும்லா." சத்தியமாக அதைத்தான் சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில், தேதிகூட எனக்குத் தெரியும், அவன் படிவத்தை நிரப்பிக்கொடுத்ததே நான்தான். அவன் நின்றான். கம்பைல் நாற்பது வரி ஓடுகிற வரைக்கும் நின்றான், எண்ணினேன், அந்த நாற்பது வரியும் நான் காத்திருந்தேன், அவன் சொல்லட்டும், நேராக, முழுசாக, ஒரு வாக்கியம், எழுவாய் பயனிலையோடு, சொல்லிவிட்டால் திரும்பிவிடுவேன். "சரிங்க, போயிட்டு வரட்டுங்களா?" "ம், பாத்துப் போங்க." அதற்கப்புறம் திரையில் சட்டை இல்லை. எத்தனை தடவை நினைத்தாலும் அந்த இடத்தில் அவன்மேல்தான் கோபம் வரும், எடுத்துக் கையில் கொடுக்கவேண்டாமா, எழுப்பிவிட்டு நின்றால் போதுமா என்று. இன்றைக்குக் கோபம் வரவில்லை. இருபத்திமூன்று வரியை அழித்த கையாயிற்றே, எந்த மூஞ்சியோடு கோபப்பட.

அப்புறம் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நான் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன், ஆறு வருஷம், அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஸ்பூனில் கஞ்சி, அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் அந்த ஆறு வருஷமும் கெர்னல் பக்கமே போகவில்லை என்று சொல்லமுடியாது, ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது போனில் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் பூட்டுக்கு மேலேயே ஒரு விளக்கத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, அதைத் திருத்தி என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினேன், ஓர் எழுத்து. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து என்னவோ, யார் யாரோ எழுத ஆரம்பித்தார்கள், பிரேசிலிலிருந்து ஒருத்தர், கொரியாவிலிருந்து ஒரு பெண், இந்தப் பூட்டில் இது ஏன் இப்படி, நீங்கள்தானே எழுதினீர்கள் என்று, என் சொந்த முகவரிக்கு. எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்டதில்லை. அப்பா தவறிப்போன அந்த வருஷம் அப்படி வந்த கடிதம் ஒன்றுதான் இந்த வேலையே கொடுத்தது, பழைய பூட்டுகளைத் தெரிந்தவர் எங்களுக்கு வேண்டும், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று. இந்த மாடி அறை, இந்த நாற்காலி, அம்மாவின் ஆபரேஷன், எல்லாம் அந்தக் கடிதத்தில் வந்தது. இரண்டு நாற்பத்திமூன்று. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். ஆகாமலும் இருக்கலாம். மாமா பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்வி, கேள்வியோடு சரி. அவன் குரல் எப்படி இருந்தது என்பதுகூடச் சில நாள் பிடிபடுவதில்லை, அந்த ங்க மட்டும் கேட்கிறது, வாக்கியம் போய் வால் மட்டும் நிற்கிறது. எனக்கு அவன் வேண்டும். இவ்வளவு சுற்றிவளைத்து நான் சொல்ல வருவது இதுதான். பக்கத்தில் நின்று, இது தப்புங்க கோமதி என்று ஒரு வரியைத் தொட்டுக்காட்டவேண்டும்.

சரி, கடிதத்தைத் தயார் செய்வோம். எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது, திருத்தம் அனுப்பும்போது யார் யாருக்குப் போகவேண்டும் என்று நாமாக முடிவு செய்வதில்லை, அதற்கென்று ஒரு ஸ்கிரிப்ட், அழிக்கப்போகிற வரிகளை ஆதியில் எழுதியவர் யார் என்று தேடி அவர் பெயரையும் பட்டியலில் போட்டுவிடும். அதாவது நான் அவனுக்கு எழுதுகிறேன் என்று யாரும் சொல்லமுடியாது, ஸ்கிரிப்ட் எழுதுகிறது. அதிலும் அவன் முகவரி அந்தப் பழைய கம்பெனி முகவரியாகத்தான் இருக்கும், அந்தக் கம்பெனி வேலையை விட்டுப் போனவர்களுக்கு வரும் கடிதத்தைத் திருப்பிக்கூட அனுப்பாது, சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் வந்தேன், செத்துப்போன முகவரிக்கு என்ன வேண்டுமானாலும் எழுதலாம். தட்டினேன். பட்டியல் வந்தது. பராமரிப்பவர்கள் மூன்று பேர், மெயிலிங் லிஸ்ட் என்கிற பொது மடலாற்றின் முகவரி, அப்புறம் தாமோதரன், பெயருக்குப் பக்கத்தில் நான் பார்த்தேயிராத ஒரு முகவரி. கம்பெனி இல்லை. அவனுடைய சொந்த முகவரி. உயிரோடு. இது எங்கேயிருந்து வந்தது? முகவரி மாறினவர்களுக்கென்று கெர்னலுக்குள் ஒரு கோப்பு உண்டு, பழையது இது, புதியது இது என்று ஆளுக்கு ஒரு வரி, ஆயிரக்கணக்கில் இருக்கும், அதை உட்கார்ந்து யார் படிப்பார்கள், ஸ்கிரிப்ட் படிக்கும், நான் படித்ததில்லை. திறந்தேன். தேடினேன். இருந்தது, அவன் வரி, தரமணி முகவரியும் புதிய முகவரியும். கோப்பில் எல்லாம் பெயர் வரிசை, டி எழுத்தில் அவன். கை சும்மா இருக்காமல் ஜி எழுத்துக்குப் போனது. கோமதி. என் பழைய முகவரி, என் சொந்த முகவரி. நான் இதைப் போடவில்லை. யார் போட்டது என்று மெஷினைக் கேட்டேன். தாமோதரன். நாலு வருஷம் முன்பு, மார்ச் மாதம், இரண்டு வரியும் ஒரே திருத்தத்தில்.

பொது மடலாற்றில் எதுவும் அழியாது, தேடினால் கிடைத்துவிடும், கிடைத்தது, நாலு கடிதம், எல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் ங்க கேட்டது எனக்கு. முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறான், என் பழைய முகவரி செயலிழந்து வெகுநாள் ஆகிறது, கோமதியுடையதும் அப்படியே, சமீபத்தில் அவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பிய முகவரியை இங்கே சேர்க்கிறேன், என் பெயரில் இருக்கும் பூட்டுக் கோடில் பாதி அவர் எழுதியது, சந்தேகம் இருப்பவர்கள் அவரைக் கேட்பது நல்லது. ஓர் எழுத்து. அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்திருக்கிறான். அடுத்த கடிதம் பராமரிப்பவர், அடுத்தவர் முகவரியை அவர் சம்மதமில்லாமல் சேர்ப்பதில்லை, அவர் ஒப்புக்கொண்டாரா என்று. மூன்றாவது அவன், இந்தக் கடிதம் அவருக்கும் சேர்த்துத்தான் போகிறது, பதிலுக்குக் காத்திருக்கிறேன். எனக்கு வந்ததா? எங்கே வந்தது? பெறுநர் பட்டியலைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பா அது, தெரியவில்லை, பட்டியலில் இருப்பது என் தரமணி முகவரி. ஸ்கிரிப்ட் போட்டுக்கொடுத்தது. புது முகவரி இன்னும் கோப்பில் ஏறவில்லை, ஏறாததால் ஸ்கிரிப்டுக்குப் பழையதுதான் தெரியும், என் புது முகவரியைக் கடிதத்துக்குள்ளே எழுதிவைத்துவிட்டுக் கடிதத்தைச் செத்த முகவரிக்கு அனுப்பியிருக்கிறான், கையால் போட்டிருக்கலாமே மனுஷன், ஒரு வரி, தட்டியிருக்கலாமே. ஸ்கிரிப்ட் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டிருக்கிறான், நானும் அப்படித்தான் விட்டிருப்பேன், நாங்கள் எல்லாரும் அப்படித்தான். நாலாவது கடிதத்துக்குத் தேதி ஐந்து வாரம் கழித்து. பதில் வரவில்லை, ஆனால் வேண்டாம் என்றால் அவர் சொல்லிவிடுவார், அவரை எனக்குத் தெரியும், சேர்த்துவிடுங்கள். அவ்வளவுதான். ஐந்து வாரம் தினம் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பான். தாமு, அந்த ஐந்து வாரமும் நான் இங்கேதான் இருந்தேன், அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு, உன் குரல் எட்டுகிற தூரத்தில், கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்ததை என்னவென்று எடுத்துக்கொண்டாய்? விசா தேதி போய்விடும் என்று சொன்னவள் இப்போது அதுகூடச் சொல்லவில்லை என்றா?

"ஏட்டி, எழுப்புதேன்னு சொன்னியே, மணி மூணே கால்." வாசலில் அம்மா, ஒரு கையில் சொட்டு மருந்து, ஒரு கையில் கதவைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு மாடிப்படி ஏறி வந்திருக்கிறாள், ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "எதுக்கும்மா ஏறி வந்த, விழுந்து வெச்சா?" "நீ வருவேன்னு எவ்வளவு நேரம் படுத்துக் கெடக்க? நானே எந்திச்சிட்டேன்." அவளைக் கட்டிலில் உட்காரவைத்தேன். ஒரு நிமிஷம் பொறு என்றேன். சோதனை ஜன்னலில் பச்சை வந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ, பார்க்கவில்லை நான், திருத்தம் நாளைக்குப் போகட்டும், பதினோரு வருஷம் நின்ற வரிகள் இன்னும் ஒரு நாள் நிற்காதா. அந்த நாலாவது கடிதத்தைத் திறந்து பதில் என்பதை அழுத்தினேன். ஸ்கிரிப்டைக் கூப்பிடவில்லை. பெறுநர் இடத்தில் அவன் முகவரியை எழுத்து எழுத்தாக நானே தட்டினேன், இரண்டு தடவை சரிபார்த்தேன், மடலாற்றின் முகவரியையும் எடுக்கவில்லை, பார்க்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும். ஆங்கிலத்தில் இரண்டு வரி, இந்தக் கடிதம் எனக்கு வந்து சேரவில்லை, இன்றுதான் பார்த்தேன், ஆம், அது என் முகவரிதான். அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி, உலகம் பூராவும் பூட்டு ரிப்பேர் பார்க்கிற அத்தனை பேர் பெட்டியிலும் போய் விழும், படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன். டிக்கெட்டை அன்னைக்கே மாத்தச் சொல்லியிருக்கணும் தாமு, சொல்லத் தெரியலை. அனுப்பு என்பதை அழுத்தினேன்.

"யாருக்குட்டி எழுதுத, மருந்துகூட விடாம?"

"தாமுவுக்கு."

"அது யாரு?"

பதினோரு வருஷத்தில் இந்த வீட்டில் அந்தப் பெயரை நான் சொன்னதே இல்லை. அம்மாவின் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன், மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினேன், மருந்து மூடியைத் திருகினேன்.

"முதல்ல கண்ணத் தொறம்மா," என்றேன், "சொல்லுதேன்."